தட்டில் எழுதுமுன் ஒரு நிழல் தட்டு



சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு மாலை வேளை, நமது பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குடையும் கையுமாக வந்து வராந்தாவில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி வைத்த ஒரே ஓர் ஒலிநாடா. 1984-ஆம் ஆண்டு தம் தாயாரை உட்கார வைத்துப் பதிவு செய்தது என்றார். தாலாட்டுகள் சில, அவர் மாட்டுவண்டியில் புக்ககம் வந்து சேர்ந்த கதை ஒன்று, ஆக 54 நிமிடம். இரண்டாண்டுகளுக்குப் பின் அந்த அம்மையார் காலமானார்.

ஆசிரியருக்கு ஓர் அக்காள். வயது 83. கண் அழுத்த நோயால் பார்வை முற்றும் போய்விட்டது. இந்த நாடாவின் பிரதி ஒன்று அவரிடமும் இருந்தது. ஆனால் டேப்ரெகார்டர் பழுதுபட்டு, பழுது பார்ப்பாரும் இன்றிப் பரண் ஏறிவிட்டது. பிரதியும் பூசணம் பிடித்துப் போயிற்று. இப்போது அவரிடம் இருப்பது பேரன் வாங்கித் தந்த பழைய சி.டி. பெட்டி ஒன்றே. "அம்மாவின் குரலை சி.டி.யில் போட்டுக் கொடு என்று அவள் கேட்கிறாள், சாமி. தாங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார் ஆசிரியர்.

கைப்பேசியில் அனுப்பி வைக்கலாமே என்று நாம் இலேசாகச் சொல்லிவிட்டோம். அவர் நம்மை ஒரு கணம் பார்த்தார். "கைப்பேசியின் கண்ணாடியில் பொத்தான் ஏது, சாமி? தடவிப் பார்த்து அழுத்துவதற்கு அவளுக்கு ஏதாவது வேண்டாமா?" என்றார். நாம் வாயடைத்துப் போனோம். பழைய பொருள்கள் சிலவற்றை இளைஞர்கள் கேலி செய்யும்போதெல்லாம் இந்தக் கேள்வி நம் நினைவுக்கு வருகிறது.

இன்று விற்கும் மடிக்கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் சி.டி. நுழைக்கும் வாயே கிடையாது. வெளியிலிருந்து கம்பியால் இணைக்கும் எழுதி கடைகளில் கிடைக்கின்றது. வாங்க வசதியுள்ளோர் அதனை வாங்குவதே நலம். நம்மிடம் இருந்ததோ அலுவலறை மூலையில் கிடந்த பழைய கணிப்பொறி. விண்டோஸ் எக்ஸ்பி, 256 மெகாபைட் நினைவகம், 20 கிகாபைட் வன்தட்டு, எட்டு மடங்கு வேகத்தில் எழுதக்கூடிய ஒரு சி.டி. எழுதி. வாசகர் வீடுகள் பலவற்றிலும் இத்தகைய பெட்டி ஒன்று துணி போர்த்திக் கிடக்கும் என்பதை அறிவோம். அதனை உயிர்ப்பித்து வேலை வாங்கும் வழியையே இம்மாதம் எழுதுகின்றோம். நாம் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகின்றோம். ஏனெனில் அவற்றிலிருந்தே நாம் கற்றோம்.

முதலில் நாடாவை ஓட்டி, கணிப்பொறியின் பின்புறமுள்ள நீல நிறத் துளை வழியாக ஒலியை உள்ளே எடுத்தோம். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் அதற்குப் போதுமானது. பதிவு நன்றாகவே அமைந்தது. பிறகு நாடாவைத் திருப்பிச் சுற்றும்போது, கடைசித் திருப்பில், 'டக்' என்றொரு ஓசை. நாடா அறுந்துவிட்டது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்று முதல் அந்தத் தாயின் குரல், பல ஆண்டு பழகிய ஒரு வன்தட்டில் மட்டுமே இருந்தது. அவ்வன்தட்டோ அவ்வப்போது கிர்ரெனச் சத்தமிடும் இயல்புடையது. (அறுந்த நாடாவை ஒட்டலாம் என்பது உண்மையே. ஆயினும் நாற்பதாண்டு நாடாவை மீண்டும் ஓட்ட நமக்குத் துணிவு வரவில்லை.)

அவசரமாக சி.டி. எழுத உட்கார்ந்தோம். ஒலிக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, இரைச்சலைக் குறைக்கும்படியும் பணித்து, முழு வேகத்தில் எழுதச் சொன்னோம். முதல் தட்டு பாதி வழியில் நின்றது. இரண்டாவது முக்கால் பங்கில் நின்றது. மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே. நான்கு தட்டுகளும் இப்போது நமது தோட்டத்துக் கொய்யா மரத்தில் தொங்கி, அணில்களை அச்சுறுத்துவதாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. அணில்கள் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பாதியில் நிற்பதேன்? வீடு கட்டுவோர் கான்கிரீட் தளம் போடும் நாளை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். ஒரு மூலையில் கலவை கொட்டத் தொடங்கிவிட்டால் மறு மூலை முடியும்வரை நிறுத்தலாகாது. பாதியில் ஜல்லி தீர்ந்துவிட்டது, லாரி வரவில்லை என்றால் தளம் அங்கேயே இறுகிப் போகும். சி.டி. எழுதுவதும் அவ்வாறே. தட்டின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி, ஐந்து கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரே சுருள் கோட்டில், லேசர் ஒளி சாயப் படலத்தைச் சுட்டுக்கொண்டே செல்கின்றது. சுட்டதைச் சுடாததாக ஆக்க இயலாது. தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இசைத் தட்டுக்கு ஒரு வினாடி ஒலி என்பது 1,76,400 பைட்டுகள். எட்டு மடங்கு வேகத்தில் எழுதினால் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 14 லட்சம் பைட்டுகள் எழுதியின் வாயில் விழ வேண்டும். எழுதிக்குள் ஒரு சிறு தொட்டி உண்டு. நமது எழுதியில் அதன் கொள்ளளவு 2 மெகாபைட், அஃதாவது சுமார் 20 லட்சம் பைட்டுகள். கணிப்பொறி ஒன்றரை வினாடி வேறெங்கேனும் பராக்குப் பார்த்தால் தொட்டி வறண்டுவிடும், தட்டு பாழ். 2000-ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் இதற்கொரு காப்பு முறை கொண்டுவந்தது. தொட்டி வறளுமுன் லேசரை அணைத்து, நிறைந்தபின் விட்ட இடத்திலேயே தொடரும் முறை அது. பிற்காலத்து எழுதிகளில் அத்தகைய காப்பு பொதுவாக உண்டு. நமது எழுதி அதற்கு முந்தியது.

நமது கணிப்பொறியோ பராக்குப் பார்ப்பதில் பெருவல்லமை படைத்தது. ஒலிக் கோப்புகளைத் துண்டு துண்டாக வன்தட்டின் பல மூலைகளிலிருந்து பொறுக்க வேண்டும்; இரைச்சலை வடிகட்டும் கணக்கையும் அதே வேளையில் போட வேண்டும்; இடையே வைரஸ் தடுப்பு மென்பொருள் எழுந்து ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கும். ஜல்லி சலிப்பதும், மணல் அள்ளுவதும், தளம் கொட்டுவதும் ஒரே ஆள், அவரும் முதியவர்!

பாலிடெக்னிக்கில் படிக்கும் நமது பங்கு இளைஞர் ஒருவரை அழைத்தோம். தம்பி வந்து பார்த்துவிட்டு, "சாமி, இதை நேராகத் தட்டில் எழுதாதீர்கள். முதலில் வன்தட்டிலேயே தட்டின் பிம்பம் ஒன்றைச் செய்துகொள்வோம், பிறகு அதை எழுதுவோம்" என்றார்.

பிம்பம் என்பது யாது? ஒரு சி.டி.யில் முதல் அடி முதல் கடைசி அடி வரை எந்த வரிசையில் எது எழுதப்படுமோ, அதனை அதே வரிசையில் ஒரே கோப்பாக வன்தட்டில் எழுதி வைப்பது. ஐ.எஸ்.ஓ. கோப்பு என்று இளைஞர்கள் சொல்வது இதன் ஒரு வகை. இதைச் செய்யும்போது கணிப்பொறிக்கு எவ்வித அவசரமும் இல்லை. வைரஸ் தடுப்பு எழுந்தால் எழட்டும். வடிகட்டும் கணக்கு கால் மணி நேரம் பிடித்தால் பிடிக்கட்டும். வன்தட்டு பொறுக்கும், லேசர் பொறுக்காது. பிம்பம் முடிந்தபின் எஞ்சியிருப்பது ஒரே வேலை: ஒரு பெரிய கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேராக வாசித்து எழுதியின் வாயில் ஊற்றுவது. ஜல்லி, மணல், சிமெண்ட் அனைத்தும் அளந்து குவித்து வைத்தபின் தளம் போடுவதற்கு ஒப்பாகும் இது.

தம்பி மற்றொன்றையும் கண்டுபிடித்தார். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தட்டு இயக்கியோடு பேசும்போது சில தடவை பிழை நேர்ந்துவிட்டால், அது அந்த இயக்கியை வேகமான டி.எம்.ஏ. முறையிலிருந்து இறக்கி, பி.ஐ.ஓ. என்னும் மந்தமான முறைக்குத் தள்ளிவிடும். பின்னர் தானாக ஏற்றாது. நம்மிடம் சொல்லவும் சொல்லாது. பி.ஐ.ஓ. முறையில் ஒவ்வொரு கவளத்தையும் மையச் செயலியே தன் கையால் ஊட்ட வேண்டும். 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பட்டியலில் ஐ.டி.இ. பகுதியைத் திறந்து, அந்தத் தடத்தை நீக்கி, கணிப்பொறியை அணைத்துப் போட்டால், எக்ஸ்பி அதனைப் புதிதாகக் கண்டு மீண்டும் வேகமான முறையில் வைக்கும். நமது பெட்டியில் இது எத்தனை காலமாக இவ்வாறு கிடந்ததோ! கணிப்பொறிக்கு வயதாகிவிட்டது என்று நாமும் அதனைப் பழித்துக்கொண்டிருந்தோம்.

ஆக, ஒரு ஐ.எஸ்.ஓ. பிம்பம் செய்தோம். நான்கு மடங்கு வேகத்தில் ஐந்தாவது தட்டை எழுதினோம். தடையின்றி முடிந்தது. மகிழ்ச்சி மேலிட, கணிப்பொறியில் ஒரு முறை போட்டுக் கேட்டுவிட்டு, ஆசிரியர் அன்றே அதனைக் கூரியரில் அனுப்பி வைத்தார். மூன்றாம் நாள் அக்காளிடமிருந்து தொலைபேசி. தட்டு சுற்றுகிறதாம், ஓசையே இல்லையாம். "அவள் பெட்டியின் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம், சாமி" என்று ஆசிரியர் சொன்னபோது நமக்கு நாணமாக இருந்தது.

பிழை முழுவதும் நம்முடையது. இசைத் தட்டும் கோப்புத் தட்டும் வெவ்வேறு என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் 1980-இல் வகுத்த இசைத் தட்டில் கோப்பு என்பதே கிடையாது, பெயர் கிடையாது, உறை கிடையாது. சுருள் கோட்டில் ஒலி நேராக ஓடுகின்றது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகின்றது என்னும் சிறு அட்டவணை மட்டும் தொடக்கத்தில் உண்டு. ஐ.எஸ்.ஓ. என்பதோ கோப்புகளை அடுக்குவதற்கான முறை. நாம் ஒலிக் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்பினோம். அக்காளின் பழைய இயந்திரத்துக்குப் பெட்டியைத் திறக்கத் தெரியாது. புதிய இயந்திரங்கள் சில கோப்புகளையும் வாசிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாம் எழுதியது பழைய இயந்திரம் ஒன்றுக்கு.

இதனை எண்ணிக்கையாலும் விளங்கிக்கொள்ளலாம். சி.டி.யில் ஒரு வினாடிக்கு 75 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 2,352 பைட்டுகள். இசைத் தட்டில் அவை முழுவதும் ஒலியே. கோப்புத் தட்டில் 2,048 மட்டுமே நமக்கு. எஞ்சிய 304 பைட்டுகள் அடையாளத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் போகின்றன. ஒலியில் ஓர் எண் தவறினால் காது பொறுக்கும். கணக்கேட்டில் தவறினால் பொறுக்குமோ? ஆகையால்தான் 80 நிமிடத் தட்டு ஒன்றில் கோப்பாக 73 கோடி பைட்டுகளும், ஒலியாக 84 கோடி பைட்டுகளும் அடங்குகின்றன. இசைப் பிம்பம் செய்தபின் அதன் அளவு தட்டின் மேல் அச்சிட்ட 700 மெகாபைட்டை மிஞ்சி நிற்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நிமிடக் கணக்கே அங்குச் செல்லும்.

இசைத் தட்டின் பிம்பத்துக்கு ஐ.எஸ்.ஓ. உதவாது. 'பின்', 'கியூ' என்னும் இரட்டைக் கோப்புகள் வேண்டும். முன்னதில் ஒலி, பின்னதில் எந்தத் தடம் எங்கே தொடங்குகின்றது என்னும் சிறு குறிப்பு. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவோர் வெறுங்கையோடு திரும்புவர். நமது எழுதியோடு வந்த நீரோ என்னும் மென்பொருள் தனக்கென்று 'என்.ஆர்.ஜி.' என்னும் வகையை வைத்திருக்கின்றது. அது ஒரே கோப்பாக அமையும். அந்த மென்பொருளில் எழுதியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தால், நமது உண்மையான எழுதியோடு 'இமேஜ் ரெக்கார்டர்' என்று மற்றொரு பெயரும் நிற்கும். அதுவே நிழல் எழுதி. அதனைத் தேர்ந்து எழுதச் சொன்னால், தட்டு கேட்காது. கோப்புக்கு ஒரு பெயரைக் கேட்கும்.

இங்கே ஒரு சிறு விலகல். இந்த மென்பொருள் ஜெர்மனியில் உருவாயிற்று. அதன் முழுப் பெயர் நீரோ பர்னிங் ராம் என்பது. உரோமையை எரித்ததாகச் சொல்லப்படும் நீரோ மன்னனை வைத்துச் செய்த சிலேடை. அதன் சின்னத்தில் கொலோசியம் தீப்பற்றி எரிகின்றது. குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தவர்கள் இதைப் பார்த்துச் சும்மா இருத்தல் இயலுமா? உரோமை எரிந்தது கி.பி. 64-இல். கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியதே நீரோ மாண்டபின் வந்த வெஸ்பாசியன் காலத்தில், திறந்தது கி.பி. 80-இல். இல்லாத மண்டபம் எவ்வாறு எரியும்? இதைத் தம்பியிடம் சொன்னோம். அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

அடுத்து அவர் நிறுவிய மென்பொருளின் பெயரைக் கேட்டதும் நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். டீமன் டூல்ஸ்! நீரோவுக்குப் பின் பேயா என்றோம். ஆனால் அச்சொல் கணிப்பொறி உலகில் வேறு பொருளில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், பின்னணியில் ஓசையின்றி ஓயாமல் உழைக்கும் நிரல்களுக்கு, இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த குட்டிப் பூதத்தை நினைத்து அப்பெயரை இட்டார்கள். அச்சமில்லை.

அம்மென்பொருள் செய்வது இதுதான். கணிப்பொறியில் இல்லாத சி.டி. இயக்கி ஒன்றை இருப்பதாகக் காட்டும். பிம்பக் கோப்பை அதற்குள் 'செருகினால்' கணிப்பொறி அதனை உண்மைத் தட்டு என்றே நம்பி ஓட்டும். மெய்நிகர் இயக்கி என்று இதனைப் புதுத் தமிழில் சொல்கிறார்கள். நாம் நிழல் தட்டு என்றே சொல்லிக்கொள்கிறோம். ஐ.எஸ்.ஓ. பிம்பத்தை மட்டும் செருகுவதற்கு எக்ஸ்பிக்கென மைக்ரோசாப்ட் தந்த சிறு கருவி ஒன்றும் இருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அவ்வசதி கணிப்பொறியிலேயே அமைந்துவிட்டது. ஆனால் அவை இசைப் பிம்பத்துக்குப் பயன்படா.

நிழல் தட்டின் பயன் அன்றைக்கே தெரிந்தது. ஆசிரியர் நம் பக்கத்தில் அமர்ந்து தம் தாயின் குரலை முதலிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். முதல் தாலாட்டு முடிந்ததும் இரண்டாவதற்குப் பதிலாகப் பத்தாவது தடம் பாடியது! பிறகு பதினொன்று, பன்னிரண்டு; அதன் பின்னரே இரண்டு. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தோம். எழுத்து வரிசையில் அடுக்கும் கணிப்பொறிக்கு, ஒன்றில் தொடங்குவனவெல்லாம் முடிந்த பின்பே இரண்டு வரும். 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் பெயரிட்டிருக்க வேண்டும். கண்ணுள்ளோருக்கு இது சிறு தொல்லை. பொத்தானை எத்தனை தடவை அழுத்தினோம் என்று விரல் கணக்கால் பாட்டைத் தேடும் ஒருவருக்கோ இது பெருங்குழப்பம்.

மற்றொன்று. மாட்டுவண்டிக் கதையைத் தேடுவதற்கு எளிதாக மூன்று தடங்களாகப் பிரித்திருந்தோம். மென்பொருள் தன் வழக்கப்படி தடங்களுக்கு நடுவே இரண்டு வினாடி மௌனத்தைப் புகுத்திவிட்டது. "ஆற்றங்கரைக்கு வந்தபோது மாடு" என்று அந்த அம்மையார் சொல்லிக்கொண்டிருக்கையில் குரல் அறுந்து, பிறகு "மிரண்டுவிட்டது" என்று எழுந்தது. ஆசிரியர் கை உயர்த்தி, "அம்மா அங்கே நிறுத்தமாட்டாள், சாமி" என்றார். அந்தத் தடங்களுக்கு இடைவெளியைச் சுழியம் ஆக்கி, பிம்பத்தை மீண்டும் செய்தோம், மீண்டும் கேட்டோம். மூன்று முறை செய்தோம். தட்டு ஒன்றுகூடச் செலவாகவில்லை. எழுதாத் தட்டு இன்று எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை; நம்மிடம் எஞ்சியிருந்தவை ஐந்தே.

எழுதும் நாளில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறோம். வன்தட்டில் ஒலிக் கோப்புக்கு ஒரு பங்கு, பிம்பத்துக்கு ஒரு பங்கு என்று இருமடங்கு இடம் வேண்டும்; நமக்குத் தாயாரின் 54 நிமிடம் 57 கோடி பைட்டுகள் ஆனமையால் பிம்பத்தோடு 114 கோடி ஆயிற்று. பிம்பம் செய்யுமுன் வன்தட்டை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் கருவியை ஓட்டினால் பிம்பம் சிதறாமல் அமையும்; எக்ஸ்பியில் அதற்கு வன்தட்டில் 15 சதவீதமேனும் காலியாக இருத்தல் நலம். எழுதும் வேளையில் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, வைரஸ் தடுப்பையும் திரைக்காப்பையும் நிறுத்தி வையுங்கள். முடிந்ததும் தடுப்பை மறவாமல் இயக்குங்கள். யாரும் கணிப்பொறியில் சீட்டு விளையாட வேண்டாம். 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்னும் முறையையே தேர்ந்தெடுங்கள். அதில் லேசர் இடையில் அணையாமல் தட்டு முழுவதும் ஒரே மூச்சில் எழுதப்பட்டு முத்திரையும் இடப்படும். முத்திரை இடாத தட்டை வீட்டுப் பெட்டிகள் வாசிக்கமாட்டா. அழித்தெழுதும் ஆர்.டபிள்யூ. தட்டு சிக்கனமாயிற்றே என்று எண்ணாதீர்கள்; அது ஒளியை மிகக் குறைவாகவே திருப்புவதால் பழைய பெட்டிகள் அதில் தடுமாறும். வேகத்தைப் பொறுத்தவரை, மிகக் குறைவே சிறந்தது என்று பலர் சொல்வார்கள். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. 52 மடங்கு வேகத்துக்கெனச் செய்த புதுத் தட்டுகள் மிக மெதுவான சூட்டை விரும்புவதில்லை. எழுதி வல்லதாயின் 16 மடங்கு போதும். நமதைப் போன்ற எட்டு மடங்கு எழுதியில் நான்கே நமக்குக் கைகொடுத்தது.

சகோதரர் நால்வருக்கு நான்கு பிரதிகள் வேண்டுமென்றால், எழுதிய தட்டை ஓர் இயக்கியில் போட்டு மற்றோர் இயக்கியில் நேராகப் பிரதி எடுக்க முனையாதீர்கள். பழைய கணிப்பொறிகளில் இரண்டு இயக்கிகளும் பெரும்பாலும் ஒரே பட்டைக் கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். அக்கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். பிம்பம் கையில் இருக்கையில் அத்தொல்லை நமக்கெதற்கு?

நீரோ இல்லாதவர்கள் இம்ஜ்பர்ன் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு ஒலிக் கோப்புகளிலிருந்து கியூ குறிப்பு செய்து, அதனைக் கொண்டே எழுதலாம். எழுதியபின் தட்டைப் பிம்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. இத்தகைய இலவசப் பொருள்களை இறக்கும்போது வேண்டாத விளம்பர மென்பொருள்கள் சில உடன் நுழையப் பார்க்கும். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்து, வேண்டாதவற்றின் குறியை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு 2014-உடன் மைக்ரோசாப்டின் பாதுகாப்பு உதவி முடிந்துவிட்டமையால், வேறொரு கணிப்பொறியில் இறக்கிச் சோதித்துப் பென் டிரைவில் கொண்டுவருவது நலம்.

குடும்பப் படங்களையும் பத்திரங்களின் நகல்களையும் தட்டில் வைக்க விரும்புவோருக்கு ஐ.எஸ்.ஓ. பிம்பமே ஏற்றது. நூற்றுக்கணக்கான சிறு படங்களைத் தனித்தனியே பொறுக்குவது வன்தட்டுக்குப் பெரும் உழைப்பு. ஆகவே பிம்பத்தின் அருமை அங்கு இன்னும் மிகுதி. அந்த முறையின் பிறப்பும் சுவையானது. 1985-இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில், சூதாட்ட மண்டபத்தோடு கூடிய ஹை சியரா என்னும் விடுதியில் நிறுவனங்கள் பல கூடி அதற்கு அடித்தளமிட்டன. அது 1988-இல் ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் உலகத் தரமாயிற்று. அதன் முதற்படி விதியில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்தும் மூன்றெழுத்து வாலும் மட்டுமே. அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். "அப்பாவின் அறுபதாம் ஆண்டு" என்று தமிழில் பெயரிட்ட படம் அங்கே உருத்தெரியாமல் போகும். பிம்பம் செய்யும்போது 'ஜோலியட்' என்னும் குறியை இட்டுக்கொண்டால் தமிழ்ப் பெயர்களும் தங்கும். ஒரு பெயருக்கு 64 எழுத்து வரை. தமிழில் மெய்க்குப் புள்ளியும், உயிர்மெய்க்குக் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகக் கணக்கிடப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறாவது தட்டு எழுதி முடிந்தது. இம்முறை கணிப்பொறியில் மட்டும் கேட்டு நிறைவடையவில்லை. பங்கில் ஒரு வீட்டிலிருந்து பழைய சி.டி. பெட்டியை இரவல் வாங்கி, 54 நிமிடமும் உட்கார்ந்து கேட்டோம். தட்டின் மேல் காகிதம் ஒட்டவில்லை. நீர் மையால் நடு வளையத்தருகே மட்டும் பெயர் எழுதினோம். ஒளி பட்டுத் திரும்பும் படலம் தட்டின் அடியில் இல்லை. எழுதும் பக்கத்தில், ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு உட்புறமே இருக்கின்றது. பேனா முனையால் அழுத்தினால் அங்கேதான் காயம்.

தட்டும் நெடுநாள் நிற்பதன்று. வெயிலும் வெப்பமும் சாயத்தைக் கெடுக்கும். ஆதலின் ஒலிக் கோப்புகளையும் பிம்பத்தையும் இரண்டு பென் டிரைவுகளில் வைத்து, ஒன்றை ஆசிரியரிடம் தந்தோம். ஒன்று நமது அலமாரியில் உள்ளது. அவ்விரண்டில் எது முக்கியம் என்றால், ஒலிக் கோப்பே என்போம். பிம்பம் சாரம் போன்றது, என்.ஆர்.ஜி. கோப்பைத் திறக்கும் மென்பொருள் இருபதாண்டு கழித்து இருக்குமோ இராதோ. இலாபம் கருதி விற்பனைப் பாடல்களைப் பிரதி எடுக்க இந்த முறையைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதை இளைஞர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்லி வைத்தோம்.

ஆசிரியர் இம்முறை கூரியரை நம்பவில்லை. தாமே பஸ் ஏறித் தட்டைக் கொண்டுபோனார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தவரிடம், எப்படி என்று கேட்டோம். அக்காள் மாட்டுவண்டிக் கதையை விட்டுவிட்டு, முதல் தாலாட்டையே திரும்பத் திரும்பப் போட்டாராம். அதில் பாட்டு தொடங்குமுன் அம்மையார் ஒரு முறை இருமுவார்; அந்த இருமலை இரைச்சலென்று வெட்டிவிடலாமா என்று தம்பி கேட்டபோது, அப்படியே இருக்கட்டும் என்று நாம் சொல்லியிருந்தோம். அக்காள் அந்த இருமல் வந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாதான்" என்றாராம்.

பிறகு ஆசிரியர் துணிப்பையிலிருந்து இன்னொரு நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்காள் தம் பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்துக் கொடுத்ததாம். தந்தையாரின் குரல் இருக்கலாம் என்று ஐயம். மேலுறையில் எழுத்து அழிந்திருக்கின்றது; நாடா உட்புறம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஒட்டிய நாடாவை ஓட்டுமுன் செய்ய வேண்டியவற்றை அறிந்த வாசகர்கள் நமக்கு எழுதலாம். கிடைக்கும் கடிதங்களை அடுத்த இதழில் கவனிப்போம்.